லினக்ஸில் வட்டையும் பார்ட்டிஷனையும் அடையாள எண்ணால் கண்டுபிடிப்பது எப்படி?

நீங்கள் விவரித்ததைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள உங்கள் ஒளிப்படக் கடையின் உபுண்டு கணினியில் ஒரே அளவுள்ள இரண்டு வெளி ஹார்டு டிஸ்குகள் செருகப்பட்டிருக்கின்றன. ஒன்றில் திருமணப் படங்களின் மூலக் கோப்புகளும் மற்றதில் அவற்றின் நகலும் இருக்கின்றன. மூல வட்டைக் கணினி தானாகவே ஏற்றிக்கொள்கிறது, அதாவது ஓர் அடைவின் (ஃபோல்டரின்) வழியாகத் திறந்துவைக்கிறது. நகல் வட்டை மட்டும் இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் /டெவ்/எஸ்டிசி1 என்று பெயர் சொல்லி ஏற்றி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையால் நிரப்புகிறது. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு இரண்டு வட்டுகளின் பெயர்களும் இடம் மாறிவிட்டன. மூன்று வாரம் ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிந்தது. ஆனால் நகல் வட்டில் ஒரு படம்கூடப் புதிதாகச் சேரவில்லை. பிழை ஏன் வரவில்லை, இனி பெயரை நம்பாமல் வட்டைக் கண்டுபிடிக்க டெர்மினலில் என்ன செய்ய வேண்டும், வட்டுக்கு லேபிள் என்ற பெயர் சூட்டலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

ஒரு முன்குறிப்பு: கட்டளைகளையும் விருப்பங்களையும் உச்சரிக்கும் விதத்தில் தமிழில் எழுதுகிறேன், விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். பேரெழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

பிழை வராததன் காரணம் எளியது. எஸ்டிசி1 என்ற பெயர் மூல வட்டுக்குப் போய்விட்டதால், ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த அதே வட்டையே ஸ்கிரிப்ட் இன்னோர் அடைவிலும் ஏற்றியது. ஒரே கோப்பு முறைமையை இரண்டு இடங்களில் ஏற்ற லினக்ஸ் அனுமதிக்கிறது. ஆர்சிங்க் இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன, ஏனெனில் இரண்டும் ஒரே வட்டு. நகலெடுக்க எதுவும் இல்லை என்று அது வெற்றியுடன் திரும்பியது. இதை நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் படம் வாங்கிச் செல்லக் கொடுத்த பென் டிரைவ் அன்றிரவு எஸ்டிசியாக வந்து அமர்ந்திருந்தால், மூலத்தில் இல்லாத கோப்புகளை நகலிலிருந்து அழிக்கச் சொல்லி உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கும் டிலீட் விருப்பம் அதிலிருந்த அவருடைய கோப்புகளை எல்லாம் துடைத்திருக்கும்.

எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்பவை வட்டின் பெயர்கள் அல்ல. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் சாதனங்களைக் கண்ட வரிசை அவை. காசிமேட்டில் விடியற்காலையில் திரும்பும் விசைப்படகுகள் வந்த வரிசையில்தான் அணைகின்றன. நேற்று மூன்றாவதாக நின்ற படகுதான் இன்றும் மூன்றாவதாக நிற்கும் என்று நம்பி யாரும் ஐஸ் பெட்டியை ஏற்றிவிட மாட்டார்கள், பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் பார்த்தே ஏற்றுவார்கள். யுஎஸ்பி வட்டுகளில் இந்த வரிசை இன்னும் நிலையற்றது, ஏனெனில் எந்த வட்டின் மோட்டார் முதலில் வேகம் பிடிக்கிறதோ அது முன்னதாக வந்துவிடலாம். ஆகவே ஸ்கிரிப்டில் எஸ்டிசி1 என்று எழுதியதே தவறு. மின்வெட்டு அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

பதிவு எண் என்று நான் சொன்னது ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மனைக்கு ஒரு சர்வே எண் இருக்கிறது; அதன்மேல் கட்டிய வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால் பலகை மாறும், சர்வே எண் மாறாது. வட்டிலும் இதே கதைதான். பார்ட்டிஷன் என்பது மனை. அதற்குள் எம்கேஎஃப்எஸ் கட்டளை உருவாக்கும் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், எஃப்ஏடி போன்ற கோப்பு முறைமை வீடு. கோப்பு முறைமையின் எண்ணுக்கு யுயுஐடி என்றும், அதற்கு நாம் சூட்டும் பெயருக்கு லேபிள் என்றும் பெயர். பார்ட்டிஷனின் எண் பார்ட்யுயுஐடி, அதன் பெயர் பார்ட்லேபிள். ஃபார்மட் செய்தால் முதல் இரண்டும் போய்விடும், பின்னிரண்டும் நிற்கும். வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையை அழித்து மீண்டும் எழுதினால் பின்னிரண்டும் மாறும்.

இந்த எண்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொள்வது பிற்பாடு குழப்பத்தைத் தவிர்க்கும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட்டுகள் தள்ளி, கோப்பு முறைமையின் விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக் தொடங்குகிறது. அதற்குள் 104ஆவது பைட்டிலிருந்து 16 பைட்டுகளுக்கு யுயுஐடியும், அதையடுத்து 120ஆவது பைட்டிலிருந்து 16 பைட்டுகளுக்கு லேபிளும் இருக்கின்றன. 16 பைட்டு என்றால் 128 பிட். பதினாறடிமான முறையில் எழுதினால் 32 இலக்கம், நடுவில் நான்கு இடைக்கோடுகளுடன் 36 எழுத்து. எஃப்ஏடி, எக்ஸ்ஃபேட் வகைகளில் உண்மையான யுயுஐடி கிடையாது. அவற்றின் 32 பிட் வரிசை எண்ணையே அந்த இடத்தில் 5டி2ஏ-91இ4 என்பதுபோல எட்டு இலக்கத்தில் காட்டுவார்கள். என்டிஎஃப்எஸ் வகையில் 16 இலக்கம் வரும். எண் குட்டையாக இருக்கிறதே என்று பதற வேண்டியதில்லை. ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை உள்ள வட்டில் பார்ட்யுயுஐடி முழு 128 பிட்டாக இருக்கும். எம்பிஆர் என்ற பழைய வகை அட்டவணை உள்ள வட்டில் அது வட்டின் 32 பிட் கையொப்பத்துடன் பார்ட்டிஷனின் வரிசை எண்ணை ஒட்டிய வடிவில், இறுதியில் -01, -02 என்று முடியும்.

இனி கட்டளைகள். முதலில் நிலவரத்தைப் பார்க்க எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை -எஃப் விருப்பத்துடன் கொடுங்கள். எல்லா வட்டுகளும் அவற்றின் பார்ட்டிஷன்களும் மரமாக விரிந்து, ஒவ்வொன்றின் வகை, லேபிள், யுயுஐடி, எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது என்பவை வரிசையாகத் தெரியும். இதற்கு நிர்வாகி உரிமை வேண்டாம், ஏனெனில் சாதனங்கள் வருவதையும் போவதையும் கவனிக்கும் யுடெவ் என்ற சேவை ஏற்கெனவே திரட்டி வைத்திருக்கும் தகவலை அது படிக்கிறது. பார்ட்யுயுஐடி இந்தப் பட்டியலில் வராது; -ஓ விருப்பத்துடன் வேண்டிய நெடுவரிசைகளின் பெயர்களைக் காற்புள்ளியிட்டுக் கேட்டால் வரும்.

வட்டையே நேரடியாகப் படித்துச் சொல்வது பிஎல்கேஐடி. ஆனால் இதைச் சாதாரணப் பயனராக ஓட்டாதீர்கள். வட்டைத் திறந்து படிக்கும் உரிமை இல்லாதபோது, அது முன்பு சேமித்து வைத்த பழைய தகவலைச் சரிபார்க்காமல் காட்டக்கூடும். நேற்றுக் கழற்றிச் சென்ற வட்டு இன்றும் இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற சொல்லை முன்னால் சேருங்கள். சந்தேகம் தீராவிட்டால் -பி விருப்பத்துடன் சாதனத்தின் பெயரைக் கொடுங்கள். சேமிப்பை ஒதுக்கிவிட்டு வட்டில் உள்ளதை மட்டும் படிக்கும்.

இவை இரண்டும் பட்டியலிடுபவை. உங்கள் ஸ்கிரிப்டுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான வேலை: எண்ணைக் கொடுத்தால் இப்போது அந்த வட்டு எந்தப் பெயரில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கென்றே இருப்பது ஃபைண்ட்எஃப்எஸ். தியோடர் ட்ஸோ முதலில் எழுதி, கேரல் சாக் பின்னர் யுடில்-லினக்ஸ் தொகுப்புக்காகத் திருத்தி எழுதிய மிகச் சிறிய கருவி இது. உபுண்டுவில் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஃபைண்ட்எஃப்எஸ் யுயுஐடி=5டி2ஏ-91இ4 என்று கொடுத்தால் /டெவ்/எஸ்டிபி1 என்று ஒரே வரியில் பதில் வரும். யுயுஐடி என்ற இடத்தில் லேபிள், பார்ட்யுயுஐடி, பார்ட்லேபிள் ஆகியவற்றையும் எழுதலாம். இந்த நான்கு சொற்களையும் ஆங்கிலப் பேரெழுத்தில் எழுத வேண்டும், சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது, எண்ணைத் திரையில் கண்டபடியே அடிக்க வேண்டும். எஃப்ஏடி வகை எண்களில் பேரெழுத்தும் இஎக்ஸ்டி4 எண்களில் சிற்றெழுத்தும் வரும்.

இந்தக் கருவியின் உண்மையான பயன் அது அச்சிடும் பெயரில் இல்லை, அது திருப்பித்தரும் நிலைக்குறியீட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. வட்டைக் கண்டால் 0, காணாவிட்டால் 1, கட்டளையே தவறாக எழுதப்பட்டிருந்தால் 2. ஸ்கிரிப்டின் முதல் வேலையாக ஃபைண்ட்எஃப்எஸ் தரும் விடையை ஒரு மாறியில் வாங்கி, நிலைக்குறியீடு 0 ஆக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடச் செய்யுங்கள். உங்கள் பழைய ஸ்கிரிப்டில் இது இல்லாததால் இன்னோர் ஆபத்தும் இருந்தது. நகல் வட்டையே யாரோ கழற்றியிருந்தால் ஏற்றும் கட்டளை தோற்றிருக்கும், ஆனால் ஆர்சிங்க் நின்றிருக்காது. நகல் வட்டை ஏற்றும் இடமான, அப்போது வெறும் அடைவாக இருக்கும் /எம்என்டி/நகலில் படங்களைக் கொட்டி, கணினியின் உள்வட்டை நிரப்பி முடித்திருக்கும். ஆகவே ஏற்றிய பிறகு மவுண்ட்பாயிண்ட் கட்டளையை -க்யூ விருப்பத்துடன் அந்த அடைவின் மேல் ஓட்டி, அது உண்மையிலேயே ஏற்றப்பட்ட இடம்தானா என்று கேட்ட பின்பே ஆர்சிங்கைத் தொடங்குங்கள்.

பிஎல்கேஐடியிலும் இதே தேடலை -யு, -எல் என்ற பேரெழுத்து விருப்பங்களால் செய்யலாம். முன்னது யுயுஐடிக்கு, பின்னது லேபிளுக்கு. காணாவிட்டால் அது 2 என்று திரும்பும். ஃபைண்ட்எஃப்எஸ் 1 என்கிறது, இது 2 என்கிறது. ஸ்கிரிப்டில் எண்ணை ஒப்பிடாமல் 0 அல்லவா என்று மட்டும் பார்ப்பது நல்லது.

கட்டளையே இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். /டெவ்/டிஸ்க் என்ற அடைவுக்குள் பை-யுயுஐடி, பை-லேபிள், பை-பார்ட்யுயுஐடி, பை-பார்ட்லேபிள், பை-ஐடி, பை-பாத் என்று உள்ளடைவுகள் இருக்கின்றன. யுடெவ் ஒவ்வொரு வட்டும் வந்ததும் அதன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஓர் இணைப்பை அங்கே இட்டு, வட்டு போனதும் எடுத்துவிடுகிறது. ஃபைண்ட்எஃப்எஸ்கூட முதலில் இந்த இணைப்புகளைத்தான் பார்க்கிறது. இல்லாவிட்டால்தான் வட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. இவற்றில் பை-ஐடி தனி வகை: அதில் வட்டின் மாதிரிப் பெயரும் தொழிற்சாலை வரிசை எண்ணும் இருப்பதால், இன்னும் ஃபார்மட் செய்யாத புது வட்டையும் அது சுட்டும். புது வட்டை ஃபார்மட் செய்யும்போது நான் பை-ஐடி வழியாக மட்டுமே செய்கிறேன், ஏனெனில் அந்த ஒரு கணத்தில் எழுத்து மாறினால் போவது அடுத்தவரின் வட்டு.

நிரந்தர ஏற்பாட்டுக்கு, எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்று கணினி பார்க்கும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதுவது ஸ்கிரிப்டுக்குள் சாதனப் பெயரைத் தேடுவதைவிடத் தூய்மையானது. முதல் களத்தில் யுயுஐடி=எண், இரண்டாவதில் ஏற்றும் அடைவு, மூன்றாவதில் வகை, நான்காவதில் விருப்பங்கள். வெளி வட்டு என்பதால் நான்காம் களத்தில் நோஆட்டோ என்று எழுதுங்கள். கணினி எழும்போது வட்டைத் தேடி நிற்காது. இல்லாவிட்டால் கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வட்டைக் காணாமல் வழக்கமாக 90 வினாடி காத்திருந்து, பிறகு அவசர நிலைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும். அதைக் காலையில் கடை திறக்கும் பையன் பார்த்தால் உங்களுக்குத்தான் போன் வரும். நோஃபெயில் என்ற விருப்பத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். உங்கள் நிலையில் நான் அதை விரும்பவில்லை. வட்டு இல்லாதபோது பிழையைத் தெரிவிக்காதே என்பதே அதன் பொருள். ஸ்கிரிப்ட் பிழையை எதிர்பார்த்து நிற்கும்போது அதை நாமே அடக்கிவிடுவது முரண். வரியை எழுதியதும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை --வெரிஃபை விருப்பத்துடன் ஓட்டினால் எழுத்துப் பிழைகளையும் காணாத எண்களையும் சொல்லிவிடும். அதன்பின் ஸ்கிரிப்டில் மவுண்ட் என்று எழுதி அடைவின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.

யுயுஐடி தவறவே தவறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொருக்குப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்காகப் பழைய வட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றிக் கொடுத்தபோது நானே இதில் விழுந்திருக்கிறேன். டிடி கட்டளையால் முழு வட்டையும் பைட்டுக்குப் பைட்டாகப் பெயர்த்தேன். பாதுகாப்புக்காகப் பழைய வட்டையும் உள்ளேயே விட்டுவைத்தேன். டிடி எல்லாவற்றையும் நகலெடுக்கும்போது அந்த 16 பைட்டுகளையும் நகலெடுத்துவிடுகிறது. கணினி எழும்போது ஒரே யுயுஐடியுடன் இரண்டு வட்டுகள் நின்றன. பை-யுயுஐடி அடைவில் ஒரு பெயருக்கு ஓர் இணைப்புக்குத்தான் இடம் உண்டு என்பதால் எது அதைப் பிடித்ததோ அதிலிருந்தே கணினி இயங்கியது. இரண்டு நாள் வேலை பழைய வட்டுக்குள் போனது. வேகம் கூடவே இல்லையே என்று அச்சக உரிமையாளர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

பெயர்த்த பிறகு இரண்டில் ஒன்றின் எண்ணை மாற்றியாக வேண்டும், மாற்ற வேண்டியது பழைய வட்டின் எண்ணை; புதியதில் எஃப்எஸ்டேப்பும் தொடக்க அமைப்பும் பழைய எண்ணையே எதிர்பார்க்கின்றன. இஎக்ஸ்டி4 என்றால், வட்டை இறக்கி இ2எஃப்எஸ்சிகே கட்டளையை -எஃப் விருப்பத்துடன் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, டியூன்2எஃப்எஸ் கட்டளைக்குப் பேரெழுத்து -யு விருப்பத்துடன் ராண்டம் என்று கொடுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் கட்டளைக்கு அதே விருப்பத்துடன் ஜெனரேட். எக்ஸ்எஃப்எஸ் இந்த விஷயத்தில் கறாரானது. ஒரே எண்ணுள்ள இரண்டாவது வட்டை ஏற்றவே மறுத்துவிடும். பார்ட்டிஷன் எண்களும் நகலாகியிருக்கும் என்பதால் ஜிபிடி வட்டில் எஸ்ஜிடிஸ்க் கட்டளையைப் பேரெழுத்து -ஜி விருப்பத்துடன் ஓட்டுங்கள். வட்டின் எண்ணும் எல்லாப் பார்ட்டிஷன்களின் எண்களும் புதிதாகும்.

லேபிள் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மனிதர் படிக்க அது வசதி, ஸ்கிரிப்டுக்கு எண்தான் உறுதி. உலகத்தில் பாதிப் பேர் தங்கள் நகல் வட்டுக்கு ஒரே பெயரைத்தான் வைக்கிறார்கள். தமிழில் பெயர் வைக்க விரும்பினால் ஒரு கணக்கு இருக்கிறது. இஎக்ஸ்டி4 லேபிளுக்கு 16 பைட்டு மட்டுமே இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு எடுக்கும், மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ஆகவே ஐந்து குறிகளுக்குமேல் இடமில்லை. ‘படம்’ என்பது ப, ட, ம, புள்ளி என நான்கு குறி, 12 பைட்டு, அடங்கும். ‘படங்கள்’ ஏழு குறி, 21 பைட்டு; அடங்காது. ஜிபிடியின் பார்ட்லேபிள் வேறு முறையில் 36 குறிகள் வரை ஏற்கும், அதில் தாராளமாக எழுதலாம். லேபிள் சூட்ட இஎக்ஸ்டி4 வகைக்கு இ2லேபிள் கட்டளையும், பார்ட்லேபிளுக்கு எஸ்ஜிடிஸ்கின் சிற்றெழுத்து -சி விருப்பமும் இருக்கின்றன.

நகல் வட்டைப் பின்னாளில் லக்ஸ் என்ற மறையாக்க முறையில் பூட்ட நினைத்தால் வெளிப்பெட்டிக்கு ஒரு யுயுஐடியும் திறந்தபின் உள்ளே தெரியும் கோப்பு முறைமைக்கு வேறு யுயுஐடியும் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பூட்டிய வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்டேப் கோப்பில் முன்னது, எஃப்எஸ்டேப்பில் பின்னது.

எதையும் மாற்றுவதற்கு முன் இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தானியங்கி ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும் இரண்டு எண்களையும் தாளில் எழுதி அந்தந்த வட்டின் உறையிலேயே ஒட்டுங்கள். எது எந்த வட்டு என்பதை ஒன்றை மட்டும் செருகிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நகல் வட்டை ஃபைண்ட்எஃப்எஸ் வழியாகக் கண்டு ஏற்றி, ஆர்சிங்கை -என், -வி என்ற இரண்டு விருப்பங்களுடன் ஓட்டுங்கள். அது எதையும் எழுதாமல், என்னென்ன சேர்ப்பேன், எவற்றை அழிப்பேன் என்று பட்டியல் மட்டும் தரும். இந்த மூன்று வாரத் திருமணங்கள் சேர்க்கும் பட்டியலில் இருந்து, அழிக்கும் பட்டியல் ஏறக்குறைய காலியாக இருந்தால் -என் விருப்பத்தை எடுத்துவிட்டு ஓட்டலாம். அழிக்கும் பட்டியல் நீண்டு ஓடினால் திசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள். கட்டளையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.